‘நாலு நாளில் பழகிவிடும்’

பல்லுக்கு கேப் ஒட்டி முடித்ததும், “கடிச்சா தூக்கலா இருக்கு டாக்டர்” என்பார்கள். “நாலு நாளில் பழகிவிடும்” என்று தொழிலுக்கு வந்த புதிதில் நானும் சொல்லியிருக்கிறேன். தூக்கலாக இருக்கும் கேப் பல நேரங்களில் பல்லின் மேல் முழுதாக இறங்காத கேப். மேல்பக்கத்தை ராவிவிட்டால் கடி சரியாகும். ஈறோரத்தில் இருக்கிற இடைவெளி அப்படியேதான் இருக்கும்.

அப்படி நான் ஒட்டி அனுப்பிய ஓர் அம்மா, மூன்று வருடம் கழித்து வாயில் வாடை அடிக்கிறது என்று வந்தார். கேப் வெளியே பளபளவென்றுதான் இருந்தது. எக்ஸ்ப்ளோரர் என்ற கூர்முனைக் கருவியை ஈறோரமாக இழுத்தேன், ஒரு இடத்தில் தடுக்கி உள்ளே போனது. கேப்பை வெட்டி எடுத்தால் சிமென்ட் பாதி கரைந்து, பல் கறுத்து மெத்தென்று கிடந்தது.

கேப் செய்து தருகிற லேபில்தான் கோளாறு என்று ஒரு மதியம் கோபமாகப் போனேன். டெக்னீஷியன் ஒன்றும் பேசவில்லை. நான் அனுப்பிய வேறொரு அளவில் ஊற்றிய டையை, அதாவது கேப்புக்காக வெட்டிய பல்லின் கல் நகலை, கையில் கொடுத்து, “நீங்க வெட்டின ஓரம் எங்க முடியுதுன்னு காட்டுங்க சார்” என்றார். எனக்கே தெரியவில்லை. ஈறு மூடிய இடத்தில் அவர் உத்தேசமாகச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஈறை விலக்க நூல் வைக்காமல், ஆல்ஜினேட் என்ற அச்செடுக்கும் மாவில் அவசரமாக அளவெடுத்தது என் வேலை.

அவர் பக்கமும் சுத்தமில்லை. மெட்டல் கேப் செய்வது சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கிற அதே முறைதான்: மெழுகில் வடிவம் செய்து, மேலே பூச்சு ஊற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தைப் பாய்ச்சுவது. 1907இல் டாகர்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இதைப் பல் வேலையில் புகழ்பெறச் செய்தார். சிலையில் ஒரு மயிரிழை கூடக்குறைய இருந்தால் யாருக்கும் தெரியாது. பல்லில் தெரியும். நிக்கல்-குரோம் உலோகம் ஆறும்போது 2 சதவீதத்துக்கும் மேல் சுருங்கும். 10 மி.மீ. அகலக் கடைவாய்ப் பல்லில் அது 0.2 மி.மீ., கிட்டத்தட்ட மூன்று தலைமுடி கனம். அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டத்தான் மெழுகின் மேல் ஊற்றும் பூச்சான இன்வெஸ்ட்மென்ட் மாவு இறுகும்போதும் சூடாகும்போதும் விரிகிறது. எவ்வளவு விரியும் என்பது அதில் கலக்கும் ஸ்பெஷல் லிக்விடைப் பொறுத்தது. அந்த லிக்விடில் தண்ணீர் கூடினால் விரிவு குறையும், கேப் பல்லுக்கு இறுக்கமாகிவிடும். அங்கே தண்ணீரைக் கண்ணளவில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் செய்த மெழுகு வடிவங்கள் மறுநாள் காலைவரை மேசையில் காத்திருந்தன. மெழுகு சும்மா இருக்காது, ஓரம் மெல்ல விலகும். “ஒரு ரிங்குக்காக ஃபர்னஸை ஏத்த முடியுமா சார்?” என்றார் டெக்னீஷியன். ரிங் என்றால் மாவு ஊற்றும் அச்சு வளையம். நியாயமான கேள்வி. மெட்டல் கேப்புக்கு நாங்கள் கொடுக்கிற கூலி அப்படி.

அங்கே இன்னொன்றும் பார்த்தேன். கேப்பின் உட்புறத்தில் கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு உலோகக் குமிழ். மாவு ஊற்றும்போது மெழுகில் ஒட்டிய காற்று செய்கிற வேலை. அது டையின் கல்லைத் தேய்த்துக்கொண்டு இறங்கிவிடும், பல்லைத் தேய்க்காது. “டையில் சரியா உட்காருதே” என்பது சாட்சியே இல்லை.

சரி, அப்புறம் பேசி முடிவு செய்தோம். நான் நூல் வைத்து சிலிக்கோனில் அளவெடுக்கிறேன். அவர் ஓரத்தில் 1 மி.மீ. விட்டுவிட்டு, சிமென்டுக்கு இடம் விடும் ஸ்பேசர் பூச்சை டையில் பூசுகிறார், மாவு ஊற்றப்போகும்போது மெழுகு ஓரத்தை மறுபடி உருக்கிச் சேர்க்கிறார், லிக்விடை சிரிஞ்சில் அளக்கிறார், உள்ளே லூப் என்ற உருப்பெருக்கி வைத்துப் பார்த்துக் குமிழை ராவுகிறார். 1971இல் வந்த ஒரு ஆய்விலிருந்து 120 மைக்ரான் (0.12 மி.மீ.) வரை ஓரத்தில் இடைவெளி இருக்கலாம் என்று சொல்லப்படுகிறது. அந்த எல்லைவரை போகவே வேண்டாம் என்பது என் எண்ணம்.

நீங்கள் கேப் போடப் போகிறவரானால், “இன்னைக்கே ஒட்டிடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று மட்டும் சொல்லாதீர்கள். சிமென்ட் இல்லாமல் மாட்டிப் பார்த்து, ஓரத்தைத் தடவி, பக்கத்துப் பல்லோடு ஃப்ளாஸ் இறுக்கமாகப் போய் வருகிறதா என்று பார்க்க நேரம் வேண்டும். மறுபடி அளவெடுக்கக் கூப்பிட்டால் கோபப்படாதீர்கள்.

அந்த அம்மாவின் புது கேப்பையும் ஒருமுறை லேபுக்குத் திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்ததை மாட்டியதும் கடித்துப் பார்த்துவிட்டு, “ஒட்டிட்டீங்களா?” என்றார். சிமென்ட் இன்னும் கலக்கவே இல்லை.