எட்டு மடங்கு கனம், ஒன்றரை மடங்கு பூ

வாசகர் ஒருவர் நல்ல கேள்வி ஒன்றை அனுப்பியிருந்தார். ஜப்பானில் நீகாட்டா மாநிலத்துக் கட்டகாய் ஊர்த் திருவிழாவில் விடும் 420 கிலோ வாணக்குண்டின் காணொளியைப் பார்த்திருக்கிறார். அது வானில் ஏறக்குறைய 800 மீட்டர் அகலத்துக்கு விரிகிறது. அதே நாட்டில் பல விழாக்களில் விடும் எட்டரைக் கிலோ குண்டோ 300 மீட்டருக்கு மேல் விரிந்துவிடுகிறது. “ஐம்பது மடங்கு கனத்தை மேலே அனுப்பியும் மூன்று மடங்கு அகலம்கூடக் கிடைக்கவில்லையே, மிச்சம் எங்கே போகிறது?” என்று கேட்கிறார்.

மிச்சத்தைக் காற்று வாங்கிக்கொள்கிறது. அது எப்படி என்பதற்கு முன் அளவுகளைப் பார்த்துவிடுவோம்.

ஜப்பானில் வாணக்குண்டுகளை ‘கோ’ என்ற எண்ணால் அழைக்கிறார்கள். ஒரு கோவுக்கு ஒரு சுன், அதாவது சுமார் 3 சென்டிமீட்டர். பத்து சுன் ஒரு ஷாக்கு. நம் சாண், முழம் போல அவர்களுடைய பழைய அளவை இது. மீட்டர் வந்த பிறகும் வாணக்காரர்கள் இதை விடவில்லை. உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிய 5 கோ குண்டு சுமார் 190 மீட்டர் ஏறி 170 மீட்டர் அகலம் விரியும். ஒரு ஷாக்குக் குண்டு, அதாவது 10 கோ, 330 மீட்டர் ஏறி 320 மீட்டர் வரை விரியும். 20 கோ குண்டு 500 மீட்டர் ஏறி 480 மீட்டர் விரியும். கட்டகாயின் நான்கு ஷாக்குக் குண்டு 40 கோ. அதன் குறுக்களவே 120 சென்டிமீட்டர். அமெரிக்காவில் இதையே அங்குலத்தில் சொல்வார்கள்: குண்டின் அங்குலம் ஒவ்வொன்றுக்கும் 100 அடி உயரம் என்பது அங்கே ஒரு மனக்கணக்கு.

மேலே போவது எளிய கதைதான். தரையில் நிற்கும் குழாயின் அடியில் கருமருந்து, அதன்மேல் குண்டு. மருந்து எரிந்து எழும் வாயு குண்டைப் பீரங்கிபோல் தள்ளுகிறது. காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 330 மீட்டர் ஏற, குழாயை விட்டுக் கிளம்பும்போது மணிக்கு 290 கிலோமீட்டர் வேகம் வேண்டும். காற்று இருப்பதால் அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். அந்த நெருப்பிலேயே குண்டின் தாமதத் திரியும் பற்றிக்கொள்கிறது. குண்டு உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கும்போது திரி உள்ளே போய்ச் சேர வேண்டும். முன்னாலோ பின்னாலோ வெடித்தால் பூ மொத்தமும் ஒரு பக்கம் இழுபடும்.

சரி, இப்போது குண்டைப் பிளந்து பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஓட்டை ஒட்டி உள்பக்கம் முழுக்க வண்ண மருந்து உருண்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஜப்பானியர் இவற்றை நட்சத்திரம் என்கிறார்கள். நடுவில் இருப்பது வெடிமருந்து. ஆனால் அது வெறும் பொடியாக இல்லை. நெல் உமிமேல் பூசி உலர்த்திய மருந்து அது! நம் அரிசி ஆலைக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடக்குமே, அதே உமி. பொடியை அப்படியே கெட்டித்தால் அது கட்டிபோலாகி, வெளிப்புறத்திலிருந்து மெல்ல எரியும். உமிமேல் பூசும்போது ஒவ்வொரு உமிக்கும் நடுவே சந்து இருக்கிறது. தீ அந்தச் சந்துகளில் ஓடி, கண் இமைப்பதற்குள் எல்லா உமியையும் பற்றவைத்துவிடுகிறது. அதோடு எடை ஏறாமல் இடத்தையும் நிரப்புகிறது. ஆகவே அடுக்கிய நட்சத்திரங்கள் நடுவே சரிந்து விழுவதில்லை. ஒன்றுக்கும் ஆகாது என்று நாம் எரித்துத் தள்ளுகிற பொருளில் இத்தனை நுணுக்கத்தைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை பொங்குகிறது.

மருந்து முழுக்கப் பற்றும்வரை ஓடு தாங்க வேண்டும். அதனால் வெளியே பசை தடவிய காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, காயவைத்து, மறுபடி ஒட்டுகிறார்கள். எங்கேயாவது ஓர் ஓரம் மெலிந்திருந்தால் அங்கே முதலில் கிழியும், பூ கோணிவிடும். ஓடு மொத்தமுமே மெலிதாக இருந்தால் அரைகுறை அழுத்தத்தில் பிளந்து, நட்சத்திரங்கள் சோர்ந்து விழும். வேகம் மிஞ்சினாலோ எதிர்க்காற்றே நட்சத்திரத்தின் தீயை ஊதி அணைத்துவிடும். அதே அழுத்தத்தைத் தாங்க, குறுக்களவு இரட்டித்தால் ஓட்டின் தடிமனும் இரட்டிக்க வேண்டும். பெரிய குண்டு செய்வது எவ்வளவு சிரமம் என்பதற்கு அமெரிக்காவின் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் ஊர் ஒரு சாட்சி. அங்கே 2019இல் விட்ட ராட்சதக் குண்டு குழாய்க்குள்ளேயே வெடித்துவிட்டது. மனம் தளராமல் 2020 பிப்ரவரியில் 1,268 கிலோ குண்டை ஏற்றி உலக சாதனை படைத்தார்கள்.

இனி வாசகரின் கேள்வி. ஒரு கைப்பிடிப் பொரியை முழு பலத்தோடு எறியுங்கள், நான்கு அடி தாண்டாது. ஒரு நிலக்கடலையை எறியுங்கள், தெருமுனைக்குப் போகும். கை ஒன்று, வேகம் ஒன்று. பொரி லேசானது, அதன் பரப்போ பெரியது. காற்று பரப்பைப் பிடித்துத் தடுக்கிறது. எடைதான் அதை எதிர்த்து ஓடுகிறது. குண்டிலிருந்து தெறிக்கும் நட்சத்திரமும் இப்படித்தான். பாய்ந்த முதல் விநாடிக்குள்ளேயே வேகத்தில் பெரும்பகுதியைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. வாணப்பூ சட்டென்று விரிந்து அப்படியே அந்தரத்தில் நிற்பதுபோல் தெரிவது இதனால்தான். ஒரு நட்சத்திரம் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பெரும்பாலும் அதன் சொந்தப் பருமன்தான் தீர்மானிக்கிறது. அதன் குறுக்களவை இரட்டித்தால் தூரமும் ஏறக்குறைய இரட்டிக்கும். கூடுதல் வெடிமருந்து போட்டு உதைத்தால் கொஞ்சம்தான் கூடும், ஏனென்றால் வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது.

குண்டின் குறுக்களவை இரட்டித்தால் கனம் எட்டு மடங்காகும். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது: 10 கோ குண்டு 8.5 கிலோ, 20 கோ குண்டு சுமார் 70 கிலோ. ஆனால் பூவின் அகலம் 320இலிருந்து 480க்குத்தான் போகிறது. கூடுதலாக வந்த கனத்தில் ஒரு பங்கு நட்சத்திரத்தின் பருமனுக்கும், இன்னொரு பங்கு நட்சத்திரங்களின் எண்ணிக்கைக்கும், ஓட்டுக் காகிதத்துக்கும் பிரிந்துவிடுகிறது. ஆகவே 420 கிலோவில் அகலம் மட்டுமே கிடைக்கவில்லை. பூ அடர்த்தியாக விரிகிறது, பருத்த நட்சத்திரங்கள் நெடுநேரம் எரிந்தபடி தாழ இறங்குகின்றன.

நிகழ்ச்சி நடத்துபவர்களுக்குக் குண்டின் அளவு என்பது முதலில் நிலத்தின் அளவு. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிப்படி ஒவ்வோர் அங்குலத்துக்கும் 70 அடி தூரத்தில்தான் மக்கள் நிற்கலாம். 12 அங்குலக் குண்டுக்கு 840 அடி. டோக்கியோவின் சுமிதா ஆற்றங்கரை விழாவில் கட்டடங்கள் நெருங்கி நிற்பதால் சிறு குண்டுகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாகாவோகா நகரில் ஷினானோ ஆறு அகன்று கிடக்கிறது, அதனால் மூன்று ஷாக்குக் குண்டு விட முடிகிறது. அதே நகரில் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 இரவு 10.30க்கு வெள்ளைப் பூக்களை மட்டும் விடுவார்கள். 1945இல் அந்த நேரத்தில்தான் அங்கே குண்டுவீச்சு தொடங்கியது. வண்ணமே இல்லாத அந்தப் பூக்கள் இறந்தவர்களுக்கானவை.

இசையோடு சேர்த்து விடும்போது பெரிய குண்டுக்கு முதலில் மின்பொறி கொடுக்க வேண்டும். அது ஏறி முடிக்கக் கூடுதல் விநாடிகள் ஆகும். சிறியது பிறகு கிளம்பி, இரண்டும் ஒரே தாளத்தில் விரியும். மெல்லிய காற்றும் வேண்டும். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடத் துகளாகத்தான் வெளிவரும். காற்று அதைத் தள்ளாவிட்டால் அடுத்த பூவைப் புகை மறைக்கும். இந்தப் புகை கிருமியைக் கொல்லும், கொசுவை விரட்டும் என்று தீபாவளிதோறும் சுற்றுக்கு வரும் செய்தியைத் தயவுசெய்து நம்பாதீர்கள். அது கந்தக டை ஆக்சைடும் நுண்துகளும் கலந்த புகை. முதலில் பாதிப்பது நம் குழந்தைகளின் நுரையீரலைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிவகாசி வட்டாரம் முழுக்க இந்தத் தொழிலை நம்பி வாழ்கிறது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நிவாரணத் தொகை அறிவிக்கிறோம். மருந்து உராயும்போது எப்போது பற்றும், உலர்களத்தில் வெயில் என்ன செய்யும் என்று தொழிலாளரோடு உட்கார்ந்து அளந்து பார்க்கும் ஆய்வுக்கு அதில் ஒரு பங்கையாவது ஆண்டுதோறும் முன்கூட்டியே ஒதுக்கலாமே. பட்டாசு மருந்தில் சேர்க்கும் பேரியம் என்ற வேதிப்பொருளுக்குத் தடை வந்தபின் பசுமைப் பட்டாசுக்கு அலைந்ததுபோல் எப்போதும் நெருக்கடிக்குப் பிறகே ஏன் யோசிக்க வேண்டும்?

அடுத்த முறை வாணவேடிக்கை பார்க்கும்போது குண்டின் அளவை நீங்களே கணக்கிடலாம். பூ விரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடி கழித்து ஓசை வந்தால் அது ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கையை நேராக நீட்டுங்கள். மூடிய முஷ்டி அந்தப் பூவை மறைத்தால் அகலம் ஏறக்குறைய 175 மீட்டர், அதாவது 5 கோ குண்டு. விரித்த சாண் முழுக்கத் தேவைப்பட்டால், ஒரு ஷாக்கு.