மாலை நேரத்து நீர்த்தேக்கமும் மூழ்கிய மரக்கட்டைகளும்

நீர்த்தேக்கத்தில் படகு ஓட்டுகிறவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வேறு எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் 'இப்போது மட்டம் எவ்வளவு' என்ற கணக்குக்கு வந்துவிடுவார். காரணம் இருக்கிறது. பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் தண்ணீர் எடுக்கத்தான் அணையே கட்டுகிறார்கள். அதனால் இயற்கை ஏரிகளைவிட இங்கே மட்டம் அதிகமாக ஏறி இறங்கும். பெரிய அணைகளில் ஒரே ஆண்டில் பல மீட்டர் மாறும்.

அந்த இறக்கமும் ஒரே சீராக இருக்காது. அணை கட்டும் இடம் பெரும்பாலும் பள்ளத்தாக்கு: மேலே அகலம், கீழே குறுகல், ஆறு வரும் திசையில் போகப் போகத் தரையும் மேலேறும். சரிவுகள் எல்லாம் ஒழுங்கானவை என்று வைத்துக்கொண்டால், அணையோர ஆழம் பாதியாகும்போது நீர்ப்பரப்பு கால்வாசிக்கு வந்துவிடும். உள்ளே மிஞ்சும் தண்ணீர் எட்டில் ஒரு பங்குதான். நிஜப் பள்ளத்தாக்குகள் இவ்வளவு ஒழுங்கானவை அல்ல, ஆனாலும் போக்கு இதுதான். நிரம்பிய அணையில் மட்டத்தை ஓர் அடி இறக்கும் அதே அளவு தண்ணீர், பாதி ஆழத்தில் ஏறத்தாழ நான்கு அடி இறக்கிவிடும். போன வாரம் தாராளமாகப் போய்வந்த வழியில் இந்த வாரம் படகின் அடி தட்டுவது இப்படித்தான்.

கரையைச் சுற்றித் தெரியும் வெறும் பட்டையும் இதே ஏற்ற இறக்கத்தின் தடம்தான். சில மாதம் மூழ்கி, சில மாதம் காய்ந்து கிடக்கும் மண்ணில் செடிகள் நிலைப்பதில்லை. அலை வேறு மண்ணை அரித்துக்கொண்டு போகும். அமெரிக்காவில் ஹூவர் அணையின் நீர்த்தேக்கமான மீட் ஏரியில் பாறை மேல் கால்சியம் கார்பனேட் படிந்து இந்தப் பட்டை வெள்ளை வெளேரென்று தெரியும். 2022 ஜூலையில் அங்கே மட்டம் 1937-க்குப் பிறகு காணாத அளவு இறங்கியபோது, அந்த வெள்ளைப் பட்டை விண்வெளிப் படங்களிலேயே புலப்பட்டது.

சரி, இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. படகுக்கு வினை கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. பல அணைகளில் காட்டை முழுவதும் வெட்டாமலே தண்ணீரைத் தேக்கியிருக்கிறார்கள். ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே உள்ள கரிபா அணையில் 1958-இல் நீர் நிரம்பத் தொடங்கியது. அப்போது மூழ்கிய மரங்களின் எலும்புக்கூடுகள் பல பத்தாண்டுகள் கழித்தும் நின்றன. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதியில் ஆக்சிஜன் போதாததால் அங்கே மரம் மிக மெதுவாகவே கெடும். நனைந்து நனைந்து காயும் பகுதிதான் முதலில் உளுத்து முறியும். ஆக, மேல்பாதி போய், வழக்கமான தாழ்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஓர் உறுதியான அடிக்கட்டை மட்டும் மிஞ்சிவிடுகிறது. அணை நிரம்பியிருந்தால் படகு அதன் மேல் ஆழமாகத் தாண்டிப் போகும். மட்டம் நன்றாக இறங்கிவிட்டால் கட்டை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், விலகிப் போகலாம். இரண்டுக்கும் நடுவில், கட்டையின் தலைக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் மட்டும் நிற்கும் சில நாட்களுக்குத்தான் பயப்பட வேண்டும்.

இதில் மாலை நேரம் வந்து சேர்ந்துகொள்கிறது. வெயில் தணியத் தணியத் தரையிலிருந்து சூடான காற்று எழும்புவது நின்று, காற்று அடங்கும். தண்ணீர் கண்ணாடியாகும். நீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேல்காற்று சூடாக இருந்தால், ஒலி கீழ்நோக்கி வளைந்து, கரையில் பேசுவது நடுநீரில் தெளிவாகக் கேட்கும். ரசிக்க நல்ல நேரம்தான், சந்தேகமில்லை. ஆனால் பகலில் அலை ஒரு கட்டையின் மேல் தட்டி நுரைத்தால் படகோட்டி பார்த்துவிடுவார். அலையே இல்லாதபோது அந்தத் தடயமும் இல்லை. ஒளியும் கைவிடும். நேர் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் நீர்ப்பரப்பு 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. சூரியன் அடிவானத்துக்கு 10 பாகை மேலே இருக்கும்போது இது 35 சதவீதம் வரை போகும். உள்ளே போகும் ஒளி குறைவு. நம் பார்வையும் தாழ்ந்த கோணத்தில் செல்வதால் கண்ணுக்கு வருவது பெரும்பாலும் வானத்தின் பிம்பம். நீரில் பட்டுத் தெறிக்கும் பளபளப்பைக் குறைக்கும் துருவமாக்கும் மூக்குக்கண்ணாடி போட்டால் படகுக்கு அருகில் கொஞ்சம் உள்ளே தெரியும், தூரத்தில் அதுவும் உதவாது.

ஆழமானியை நம்பலாமா என்றால், சாதாரணக் கருவி ஒலியை நேர் கீழே அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. கட்டையின் மேல் வந்த பிறகுதான் அது கட்டையைக் காட்டும். அனுபவசாலிகள் மூழ்கிக் கிடக்கும் பழைய ஆற்றுப் பாதையைப் பிடித்துத்தான் ஓட்டுவார்கள். ஆழமும் அங்கேதான் அதிகம், ஆறு ஓடிய இடம் என்பதால் மரமும் முளைத்திருக்காது. ஆனால் ஆறு நீர்த்தேக்கத்தில் நுழையும் முகப்பில் வண்டல் படிந்து மேடாகியிருக்கும், அந்தப் பக்கம் தாழ்மட்டத்தில் போகாமலிருப்பதே நல்லது. திரும்பும்போது போன தடத்திலேயே, பாதி வேகத்தில் வருவார்கள். வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் கால்வாசிதான்.