ஏரி இருப்பு அட்டவணையை எளிய உரையாக மாற்றுவது எப்படி?

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் நீர் இருப்பைச் செய்தித்தாள்களில் பார்த்து வருகிறோம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை என ஐந்து வரிசைகள் இருக்கும்; கொள்ளளவு, இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் என நெடுவரிசைகள் இருக்கும். படித்துத் தெரிந்துகொள்ள இது போதும். ஆனால் பல ஆண்டு இருப்பை ஒப்பிட்டு வரைபடம் போட விரும்பும் மாணவருக்கு அதே எண்கள், ஓர் ஏரிக்கு ஒரு வரி என்ற முறையில், மதிப்புகளுக்கு நடுவே ஒரு பிரிப்புக் குறியுடன் (பெரும்பாலும் காற்புள்ளி) கணினி படிக்கும் எளிய உரையாகத் தேவைப்படுகின்றன. சிஎஸ்வி கோப்பு என்பது இதுதான்.

அட்டவணையில் ஓர் எண்ணின் பொருளை அது நிற்கும் இடம் சொல்கிறது. 3,645 மில்லியன் கன அடி என்பது செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு என்று அறிய, இடப்பக்கம் உள்ள பெயரையும் மேலே உள்ள தலைப்பையும் கண் தானாகவே சேர்த்துக்கொள்கிறது. எளிய உரையிலோ எது முன், எது பின் என்பது மட்டுமே உண்டு. எனவே இரண்டாம் மதிப்பு எல்லா வரிகளிலும் இரண்டாவதாகவே நிற்க வேண்டும். மாற்றும் வேலையின் கடினம் முழுவதும் இந்த ஒரு நிபந்தனையைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது.

முதல் இடையூறு காற்புள்ளியே. ‘புழல்,3,300’ என்ற வரியில் நமக்கு இரண்டு மதிப்புகள் தெரிகின்றன. கணினி மூன்றாக எண்ணுகிறது. இலட்சம், கோடி என்று எழுதும் நம் வழக்கத்தில் காற்புள்ளிகள் இன்னும் கூடுதல்: 12,34,567 என்ற ஒரே எண் மூன்று துண்டுகளாகிவிடும். சிஎஸ்வி பல பத்தாண்டுகள் புழங்கியபின், 2005 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் அதன் வழக்கங்களை எழுதி வைத்தது. அதன்படி காற்புள்ளி உள்ள மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் இட்டு, புழல்,"3,300" என்று எழுத வேண்டும்; மதிப்புக்குள்ளேயே மேற்கோள் குறி வந்தால் அதை இருமுறை எழுத வேண்டும். சிலர் காற்புள்ளிக்குப் பதில் டேப் குறியைப் பயன்படுத்துகிறார்கள். எழுத்துகளுக்கு எண் தரும் பழைய முறையான ஆஸ்கி குறியீட்டில் 28 முதல் 31 வரையுள்ள எண்கள் பிரிப்புக் குறிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தும், விசைப்பலகையில் அவற்றுக்குத் தனி விசை இல்லாததால் பரவலாகவில்லை. எண்களுக்குள் இருக்கும் காற்புள்ளிகளை முதலிலேயே நீக்கிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது இணைத்த கட்டங்கள். ‘திருவள்ளூர்’ என்ற மாவட்டப் பெயரைப் பூண்டி, சோழவரம் இரண்டுக்கும் பொதுவாக ஒரே உயரமான கட்டத்தில் எழுதியிருந்தால், இணையப் பக்கத்தின் எச்டிஎம்எல் குறியீட்டில் சோழவரத்தின் வரிசைக்கு ஒரு கட்டம் குறைவாகவே இருக்கும். அதைக் கவனிக்காமல் மாற்றினால் சோழவரம் மாவட்டமாகவும் 1,081 ஏரியின் பெயராகவும் இடம் மாறிவிடும். கட்டம் எத்தனை வரிசைகளுக்கு நீள்கிறது என்ற எண்ணைப் படித்து, பெயரை ஒவ்வொரு வரியிலும் திரும்ப எழுதுவதே சரியான வழி.

வேர்டு கோப்பிலும் இணையப் பக்கத்திலும் அட்டவணை, வரிசை, கட்டம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியீடுகளாவது இருக்கின்றன. பெரும்பாலான பிடிஎஃப் கோப்புகளில் அட்டவணை என்ற ஒன்றே கிடையாது. இந்த எழுத்து வடிவத்தை இந்த இடத்தில் வரை என்ற கட்டளைகள் மட்டுமே உண்டு. ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்பவற்றை வரிசையாகவும், செங்குத்தான வெற்றிடங்களை நெடுவரிசை எல்லையாகவும் மென்பொருள் ஊகிக்கிறது. ‘கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை’ இடம் போதாமல் கட்டத்துக்குள் இரண்டு வரியாக மடங்கினால், ஓர் ஏரி இரண்டாகிவிடும்.

தமிழுக்கு இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. ‘செ’ என்பதில் கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ‘ச’ முதலிலும் கொம்பு அதற்குப் பின்னும் சேமிக்கப்படுகின்றன. பிடிஎஃப் கோப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகளை எடுத்தால் கொம்பு முந்திக்கொள்ளும். பிறகு செம்பரம்பாக்கம் என்று தேடினால் அந்த வரி கிடைக்காது.

வெற்றுக் கட்டத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2019 கோடையில் நம் ஏரிகள் வறண்டபோது, 0 என்பது ஓர் உண்மையான அளவு. வெற்றிடமோ சிறுகோடோ அளவு கிடைக்கவில்லை என்பதைக் குறிக்கலாம். இரண்டையும் 0 என்று எழுதிவிட்டால், எந்த நாளில் ஏரி வறண்டிருந்தது, எந்த நாளில் பதிவு இல்லை என்பதை அந்தக் கோப்பைக் கொண்டு இனி யாராலும் பிரித்தறிய முடியாது.

மாற்றிய பின் ஒவ்வொரு வரியிலும் மதிப்புகளின் எண்ணிக்கை சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, கொள்ளளவுகளைக் கூட்டிப் பார்க்கலாம்: 3231, 1081, 3300, 3645, 500 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 11757. விடை 23514 என்று வந்தால், அட்டவணையின் அடியில் இருந்த ‘மொத்தம்’ என்ற வரிசையும் ஆறாவது ஏரியாக உள்ளே வந்துவிட்டது என்று பொருள்; அந்த வரியை நீக்கிவிட வேண்டும்.