இரட்டைவில்லை எதிரொளிப்புக் கருவி: சொல் விளக்கம்

ட்வின் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ். பிலிம் கேமரா வைத்திருப்பவர்கள் சுருக்கமாக டிஎல்ஆர் என்பார்கள். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ், தலைமாட்டில் திறந்து மூடும் கூடு, பக்கவாட்டில் ஒரு திருகு. பினாங்கு லோரோங் குலிட் சந்தையில் பழைய கடிகாரங்களுக்கு நடுவே யாஷிகாவோ, ஷாங்காயில் செய்த ஸீகல்லோ எப்போதாவது கண்ணில் படும். பெயரில் உள்ள மூன்று சொற்களில் ‘ட்வின்’ எளிது: இரட்டை. மற்ற இரண்டையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

‘லென்ஸ்’ லத்தீனில் மைசூர்ப் பருப்பின் பெயர். உடைக்காத முழுப் பருப்பை எடுத்துப் பாருங்கள்: நடுவில் தடித்து விளிம்பில் மெலிந்திருக்கும். அந்த வடிவம்தான் கண்ணாடிக்குப் பெயராயிற்று. தமிழில் வில்லை. சிறிதாய், தட்டையாய், வட்டமாய் இருப்பதையெல்லாம் வில்லை என்று சொல்வது நம் வழக்கம்: மருந்து வில்லை, சந்தன வில்லை. அலுவலக முத்திரை பொறித்த வில்லையை அணிந்தவன் வில்லைச் சேவகன். குவிவில்லை, குழிவில்லை என்று பாடநூல்களிலும் ஊன்றிவிட்ட நல்ல சொல் இது.

சிக்கல் ‘ரிஃப்ளெக்ஸ்’ என்பதில்தான். அகராதியைப் புரட்டியதும் எதிர்வினை, அனிச்சைச் செயல் என்று பொருள் கிடைக்கும். பலர் அதையே எடுத்து ‘எதிர்வினைக் கேமரா’ என்று எழுதிவிடுகிறார்கள். மருத்துவர் முழங்காலில் தட்டினால் கால் உதறுகிறதே, அதற்குத்தான் அந்தப் பொருள் சரி. மூலச் சொல்லுக்கு லத்தீனில் ‘பின்னால் வளைத்தல்’ என்று பொருள். கேமராவில் வளைக்கப்படுவது ஒளி, வளைப்பது ஒரு முகக்கண்ணாடி. அறிவியல் தமிழில் இதற்கு எதிரொளிப்பு என்று சொல் இருக்கிறது. பிரதிபலிப்பு என்றாலும் தவறில்லை. எதிர்வினை என்பது மட்டும் பொருந்தாது. அப்படி எழுதினால் கண்ணாடி பெயரிலிருந்தே காணாமல் போய்விடும், அந்தக் கண்ணாடிதான் இந்தக் கேமராவின் உயிர்.

கீழ் வில்லை படம் எடுக்கும். மேல் வில்லை பார்ப்பதற்கு மட்டும். மேல் வில்லைக்குப் பின்னால் 45 பாகைச் சாய்வில் நிற்கும் கண்ணாடி, வரும் ஒளியை மேலே திருப்பி ஒரு சொரசொரப்பான கண்ணாடித் தகட்டில் விழவைக்கிறது. கேமராவை வயிற்றோடு அணைத்து, தலைகுனிந்து அந்தத் தகட்டைப் பார்க்க வேண்டும். ஒரே கண்ணாடியில் திரும்புவதால் உருவம் நேராக நிற்கும், ஆனால் இடம் வலம் மாறியிருக்கும். தைப்பூசத்துக்கு முதல்நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படும்போது இதை நேரில் காணலாம். ரதம் நமக்கு வலப்பக்கமாகப் போகும், தகட்டில் இடப்பக்கம் நகரும். பின்தொடர நினைத்துக் கேமராவை இடப்பக்கம் திருப்பினால் ரதம் சட்டத்தை விட்டே போய்விடும். கூட்டம் மறைத்தால் வேறொரு வழி உண்டு: கேமராவைத் தலைகீழாகத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து தகட்டைப் பார்த்து எடுப்பது.

இந்தக் கண்ணாடி அசையாது. ஒற்றைவில்லைக் கருவியில், அதாவது எஸ்எல்ஆரில், பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பும். அந்த நொடியில் பார்வை இருண்டுவிடும். இதில் படம் விழும் கணத்தையும் கண்ணால் பார்க்கிறோம். சத்தமும் குறைவு: வில்லைக்குள் இதழ் இதழாய் விரிந்து மூடும் ஷட்டரின் ‘டிக்’ மட்டும்தான். அதை இதழ்மூடி எனலாம்.

இரண்டு வில்லைகள் என்பதால் ஒரு குறையும் வந்து சேர்கிறது. பார்ப்பது மேலிருந்து, எடுப்பது கீழிருந்து. தூரத்துக் காட்சியில் வேறுபாடு தெரியாது. குழந்தையின் முகத்தை மிக அருகில் எடுத்தால் உச்சந்தலை வெட்டுப்பட்டுவிடும். பாரலாக்ஸ் எனப்படும் இதற்கு இடமாறு தோற்றப்பிழை என்று தமிழ் இயற்பியலில் பெயர். நீளம்தான், ஆனால் சொல்லே விளக்கமாகவும் நிற்கிறது.

கண்ணாடி வைத்த பெட்டி பழையது. 1685லேயே ஜெர்மன் துறவி யோகான் சான் அப்படியொன்றை வரைந்து காட்டியிருக்கிறார். ஆனால் இந்த வகையை உலகெங்கும் கொண்டுசென்றது ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் 1929இல் வெளிவந்த ரோலைஃபிளெக்ஸ். பெயரின் முன்பாதியில் ரோல் பிலிம், அதாவது படச்சுருள், பின்பாதியில் ரிஃப்ளெக்ஸ். இன்றும் கடையில் கிடைக்கும் 120 வகைச் சுருளில் 6 செ.மீ. சதுரமாக 12 படங்கள் எடுக்கலாம்.

எழுதும்போது ‘இரட்டைவில்லை’ சேர்ந்தே இருக்கட்டும். பிரித்தால் இரட்டிப்பது வில்லையா கருவியா என்ற மயக்கம் வரும். ‘எதிரொளிப்புக் கருவி’ என்பதில் க் மிக வேண்டும். பேச்சில் டிஎல்ஆர் என்று சொல்வதற்குத் தடையில்லை. கட்டுரையில் முதன்முறை வரும்போது மட்டுமாவது தமிழ்ப் பெயரை முழுதாக எழுதிவிடுங்கள்.