வீட்டில் மாடி கூடினால் கழிவறையின் ஃபிளஷ் தொட்டி வழிவது ஏன்?

சிங்கப்பூரின் செராங்கூன் கார்டன் போன்ற பழைய தரைவீட்டுப் பேட்டைகளில், இருக்கும் வீட்டின்மேல் ஒரு மாடியையோ பின்புறத்தில் ஓர் அறையையோ கூட்டிக் கட்டிக்கொள்வது வழக்கம். கட்டுமானம் முடிந்த சில நாள்களிலேயே, கொத்தனார் கைவைக்காத கீழ்த்தளக் கழிவறையில் தண்ணீர் ஓயாமல் சலசலக்கத் தொடங்குவதுண்டு. ஃபிளஷ் தொட்டி பழசாகிவிட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்குவோரும் இருக்கிறார்கள். பல வேளைகளில் அது வீண் செலவு; மாறியிருப்பது தொட்டியன்று, அதற்கு வந்து சேரும் தண்ணீரின் அழுத்தம்.

முதலில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். நடுவில் நிற்கும் வழிகுழாயின் வாய் வரை நீர் ஏறி அதற்குள் விழுந்துகொண்டிருந்தால், நீரை உள்ளே விடும் வால்வு முழுமையாக அடைபடவில்லை என்று பொருள். நீர்மட்டம் அதற்குக் கீழே இருந்தும் கழிவறைக் கோப்பையில் கசிவு தெரிந்தால், குற்றம் அடியிலுள்ள ரப்பர் அடைப்பினுடையது. வீட்டை விரிவாக்கிய பின் வருவது பெரும்பாலும் முதல் வகைதான்.

பழைய தொட்டிகளில் இருப்பது நெம்புகோல் வால்வு. நீளமான கம்பியின் நுனியில் ஒரு மிதவைப் பந்து இருக்கும். அது உயர உயர, கம்பியின் மறுமுனை ஒரு வாஷரை நீர் வரும் துளைமேல் அழுத்தும். துளையின் விட்டம் 6 மில்லிமீட்டர் என்றும், கூரைத் தொட்டி 5 மீட்டர் மேலே இருக்கிறது என்றும் கொள்வோம். அங்கிருந்து வரும் நீரின் அழுத்தம் ஏறத்தாழ அரை பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு); அது வாஷரை 140 கிராம் எடைக்கு நிகரான விசையுடன் தள்ளும். நெம்புகோல் விசையைப் பத்து மடங்காக்குமானால், மிதவை 14 கிராம் விசை கொடுத்தாலே துளை அடைபட்டுவிடும். அழுத்தம் 3 பாராக உயர்ந்தால் வாஷர்மேல் விழும் விசை 860 கிராமைத் தாண்டும். மிதவை 86 கிராம் கொடுத்தாக வேண்டும். அதாவது, பந்து இன்னும் 72 மில்லிலிட்டர் நீரை விலக்கும் அளவுக்கு மூழ்க வேண்டும். 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறிய பந்தாக இருந்தால், அதற்கு நீர்மட்டம் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் உயர வேண்டும். பல தொட்டிகளில் வழிகுழாயின் வாய்க்கு விட்டிருக்கும் இடைவெளியே அவ்வளவுதான்.

அந்த 3 பார் எங்கிருந்து வருகிறது? ஒரு மாடி கூடியதால் கூரைத் தொட்டி 3 மீட்டர் உயர்ந்தால், கூடுவது 0.3 பார் மட்டுமே. அதைப் பெரும்பாலான வால்வுகள் தாங்கிக்கொள்ளும். சிக்கல் புதிய மேல்மாடிக் குளியலறையில் தொடங்குகிறது. கூரைத் தொட்டிக்கு நேர்கீழே இருப்பதால் அங்கே ஷவரில் தண்ணீர் நூலாகத்தான் வரும். அதைச் சரிசெய்ய ஒரு பம்பு பொருத்துகிறார்கள். அதை மேல்மாடிக் குழாயில் மட்டும் இணைக்காமல் பொதுக் குழாயில் இணைத்துவிட்டால், கீழ்த்தளமும் அந்த அழுத்தத்தைச் சுமக்கிறது.

புதுவகை வால்வுகளுக்கு அழுத்தத்தைவிட மணல்தான் எதிரி. அவற்றில் மெல்லிய ரப்பர்த் திரை ஒன்று இருக்கும். அதிலுள்ள ஊசித்துளை வழியே நீர் கசிந்து பின்னறையை நிரப்பும். மிதவை உயர்ந்து அந்த அறையின் வடிகாலை மூடியதும், பின்பக்க அழுத்தம் திரையைத் தள்ளி நீரை நிறுத்திவிடும். தண்ணீரின் வலிமையைக் கொண்டே தண்ணீரை அடைக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆயினும் புதிய குழாய்களை வெட்டி இணைக்கும்போது தங்கிய ஒரு சிமெண்டுத் துகளோ பிளாஸ்டிக் பிசிறோ ஊசித்துளையில் சிக்கினால், பின்னறையில் அழுத்தம் சேராது. மிதவை எவ்வளவு உயர்ந்தாலும் வால்வு மூடாது. வால்வின் மூடியைக் கழற்றித் திரையைக் கழுவினாலே பல நேரம் சரியாகிவிடும்.

வழியும் நீர் கோப்பைக்குள்ளேயே இறங்கிவிடுவதால் தரை நனைவதில்லை, கட்டணம்தான் காட்டிக்கொடுக்கும். நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் வழிந்தால் நாளொன்றுக்கு 288 லிட்டர் போகும். சிங்கப்பூரில் இருவர் ஒரு நாளில் பயன்படுத்தும் அளவு அது. 2025 ஏப்ரல் கட்டணப்படி, கனமீட்டருக்கு 3.24 சிங்கப்பூர் வெள்ளி என்று பார்த்தால், மாதம் 28 வெள்ளி.

தொட்டிக்குப் போகும் குழாயின் அடைப்பானைப் பாதி திருகிவைப்பதே பலரும் செய்யும் வைத்தியம். ஓடும் நீரை அது மெதுவாக்கும். ஆனால் ஓட்டம் நின்றதும் அடைப்பானின் இருபுறமும் அழுத்தம் சமமாகிவிடுவதால், வாஷரைத் தள்ளும் விசை துளியும் குறையாது. ஓட்டம் நின்ற நிலையிலும் குறைந்த அழுத்தத்தையே காக்கும் அழுத்தக் குறைப்பு வால்வைக் கீழ்த்தளக் கிளைக்குழாயில் பொருத்த வேண்டும். அல்லது பம்பை மேல்மாடிக்கு மட்டும் பிரித்துவிட வேண்டும். குழாயமைப்பையே மாற்றும் இவ்வேலையை, சிங்கப்பூரின் தண்ணீர் விநியோக அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பரிடம் ஒப்படைப்பதே முறை. அவர் வேலையை முடித்துத் தொட்டியை இணைக்கும் முன், குழாயின் முனையை ஒரு வாளிக்குள் திறந்துவிட்டு, துகளெல்லாம் வெளியேறும்வரை நீரை ஓடவிடச் சொல்லுங்கள்.