மரல்: பாம்புச் செடியின் பழைய பெயர்

மரல் (பெயர்ச்சொல்): வாள் போல நீண்டு நிமிர்ந்த இலைகளும், இலையில் குறுக்குப் பட்டைகளும் உடைய நார்ச்செடி. மருள் என்றும் சொல்வதுண்டு. இன்று வரவேற்பறைத் தொட்டிகளில் நிற்கும் ‘ஸ்நேக் பிளான்ட்’ இதன் நெருங்கிய சொந்தம்.

சொந்தம்தான், அதே செடி அல்ல. தொட்டிகளில் பெரும்பாலும் இருப்பது நைஜீரியா முதல் காங்கோ வரையிலான மேற்கு ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. நம் மரல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட முள்காடுகளில், புதர்களின் அடிநிழலில் தானாக முளைத்துக் கிடக்கும். இலை ஒடுக்கம், உட்பக்கம் வாய்க்கால் போலக் குழிந்திருக்கும். கரும்பச்சைப் பட்டைகள் இரண்டிலும் உண்டு. ஆங்கிலப் பெயரில் பாம்பு வந்தது அந்தப் பட்டைகளால்தான். ‘பாம்புச் செடி’ என்பது அதன் நேர் மொழிபெயர்ப்பு.

சங்கப் பாடல்களில் மரல் வருவது பெரும்பாலும் பாலை வெயிலில். “மரையா மரல்கவர மாரி வறப்ப” என்கிறது கலித்தொகை (6): மழை பொய்த்த காட்டில் மரையா என்ற காட்டு விலங்கு மரலைக் கடித்துத் தின்கிறது. குறுந்தொகையில் (232) “மரல்புகா அருந்திய மாவெருத்து இரலை” வருகிறது. புகா என்றால் உணவு. மரலைத் தின்ற அந்த ஆண்மான், யானை ஒடித்துத் தின்றது போக மிஞ்சிய யா மரத்தின் வரிநிழலில் படுத்துத் தூங்குகிறது. மற்றதெல்லாம் காய்ந்த பிறகும் இலைக்குள் நீரை வைத்திருக்கும் செடி என்பதைப் பாடியவர்கள் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாத செடி என்று இன்று விற்கிறார்களே, அதே குணம்தான்.

இதைவிட எனக்குப் பிடித்தது மலைபடுகடாம் தரும் செய்தி. மராம்பூங்கொத்தையும் யா மரத் தளிரையும் சேர்த்துக் கட்டிய கண்ணியை, அதாவது தலையில் சூடும் மாலையை, “திரங்கு மரல் நாரில்” சூடுவதாக அதில் வருகிறது. திரங்கிய மரல், அதாவது வாடிச் சுருங்கிய மரல். பூக்கட்ட வாழைநார் நமக்குத் தெரியும். மரல் நாரை மறந்துவிட்டோம். இலையை நீரில் ஊறவைத்தோ, பலகையில் வைத்து மழுங்கிய கத்தியால் சுரண்டியோ சதையை நீக்கினால் வெள்ளையாக, வலுவாக நார் வரும். இந்த வகைச் செடிகளுக்கு ஆங்கிலத்தில் ‘வில்நாண் சணல்’ என்று பொருள்படும் பெயர் வந்ததும் நாரால்தான். வடமொழியில் மூர்வா என்ற நார்ச்செடியை இதுவாகவும் அடையாளம் காண்பார்கள்; வில் நாணுக்கு அங்கே மௌர்வி என்றே பெயர். சிங்களத்தில் இது நியந்த.

தாவரவியல் பெயருக்கு வருவோம். 1794இல் ஸ்வீடன் தாவரவியலாளர் துன்பர்க் பதிப்பித்த சான்செவியேரியா என்ற பேரினப் பெயர் நீண்டகாலம் நிலைத்தது. பிறகு மரபணு ஆய்வுகளை வைத்து அதை டிரசீனா பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். டிரசீனா கிரேக்கச் சொல். பெண் டிராகன், பெண் நாகம் என்று பொருள். வேறொரு மரத்தின் ‘டிராகன் ரத்தம்’ எனப்படும் சிவப்புப் பிசினை வைத்து வந்த பெயர் அது. ஆக, பாம்பு இன்னொரு வாசல் வழியாகவும் உள்ளே வந்துவிட்டது.

சரி, இந்தச் செடியைச் சிலர் ‘பாம்புக் கற்றாழை’ என்கிறார்களே, அது தவறா? தடித்த வாள் இலைச் செடிகளையெல்லாம் கற்றாழை என்பது தமிழ் வழக்கம். சோற்றுக்கற்றாழையும் ஆனைக்கற்றாழையும் வெவ்வேறு குடும்பம். மரல் ஆனைக்கற்றாழையின் குடும்பத்தில் சேரும். அதனால் பெயரில் பெரிய குற்றமில்லை. நான் குறை சொல்வது, இரவில் ஆக்சிஜன் தரும் என்று நம்பி வைக்கும் ‘ஆக்சிஜன் செடி’ என்ற பெயரை. இது இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிவைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும். படுக்கையறை இருட்டில் அது நடக்காது.

என் தேர்வு மரல்தான். நம் காட்டுச் செடிக்கு வெறும் மரல், தொட்டிச் செடிக்கு ஆப்பிரிக்க மரல், குழாய் போல உருண்ட இலையுள்ள அங்கோலா வகைக்கு உருளை மரல். மருள் என்றாலும் பிழையில்லை. மயக்கம் என்ற பொருளோடு குழம்பும் என்பதால் ஒதுக்குகிறேன்.

வளர்ப்பவர்களுக்கு வேறு இரண்டு சொற்களும் உதவும்: பூந்தண்டு, மட்டநிலத்தண்டு. தொட்டியில் வேர் நெருங்கி இடமில்லாமல் போன செடி, நல்ல வெளிச்சமும் இருந்தால், ஒரு பூந்தண்டை விடும். பூக்கள் பச்சை கலந்த வெள்ளை, மெலிந்த இதழ்கள் பின்னால் சுருண்டிருக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் விரியும், அப்போதுதான் மணமும். காம்பருகே தேன் துளித்துளியாகத் தொங்கும்; தொட்டால் பிசுபிசுக்கும், எறும்பு வந்துவிடும். பூத்த இலைக்கொத்து அதன்பின் புது இலை விடாது. ஆனால் உடனே சாவதுமில்லை. பக்கத்தில் கன்று விடும்.

அந்தக் கன்று வருவது மண்ணுக்குள் கிடையாக ஓடும் தடித்த தண்டிலிருந்து. பாடநூல்களில் அதன் பெயர் மட்டநிலத்தண்டு. பிளாஸ்டிக் தொட்டியின் பக்கம் புடைத்திருந்தால் அதன் வேலைதான். கத்தியால் அதை வெட்டி, வெட்டுவாய் காய்ந்த பிறகு நட்டால் தனிச்செடி. இலையைத் துண்டு போட்டும் வளர்க்கலாம், மெதுவாக வரும். மஞ்சள் கரை போட்ட வகையை மட்டும் துண்டு போடாதீர்கள். கரையின் திசுவும் நடுவின் திசுவும் அதில் வேறுவேறு. இலைத்துண்டிலிருந்து வரும் கன்றுக்கு மஞ்சள் கரை இருக்காது. அதற்கு மட்டநிலத்தண்டோடு கன்றைப் பிரிப்பது ஒன்றே வழி.