‘எய்ட்’ எல்லாம் உதவியா? கொடை, குறியெதிர்ப்பை, முதலீடு: சொல் விளக்கம்

‘ஜப்பான் நிதியுதவியுடன் மெட்ரோ ரயில்’, ‘உலக வங்கி உதவியுடன் சாலைப் பணி’ என்றெல்லாம் நாளிதழ்களில் படிக்கிறோம். சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும் 2008-ல் ஜப்பானுடன் கையெழுத்தானவை கடன் ஒப்பந்தங்கள். வட்டி குறைவு, தவணை நீளம். ஆனாலும் கடன் கடன்தான். அசலும் வட்டியும் திரும்பிப் போயாக வேண்டும். ‘உதவி’ என்று படிக்கிறவருக்கு இது தெரிய வழியே இல்லை. இன்னொரு பக்கம், ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இங்கே வந்து தொழிற்சாலை கட்டினாலும் அந்நிய முதலீடு, ஒரு வெளிநாட்டு நிதியம் பங்குகளை இன்று வாங்கி அடுத்த வாரம் விற்றுவிட்டுப் போனாலும் அந்நிய முதலீடு.

வளரும் நாடுகளுக்கு எது நல்லது, தனியார் முதலீடா, அரசுகளும் உலக நிறுவனங்களும் தரும் உதவியா என்ற வாதம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஓயாமல் நடக்கிறது. அந்த வாதத்தில் பாதி, பணத்தின் தன்மை தெரியாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நடப்பது. கொடுத்த பணம் திரும்பிப் போக வேண்டுமா, நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லும்படி சொற்கள் இருக்க வேண்டும். தமிழில் அப்படிப்பட்ட சொற்கள் இருக்கின்றன. நாம் எடுத்துப் புழங்காமல் விட்டிருக்கிறோம்.

முதலில் ‘எய்ட்’, நாம் ‘உதவி’ என்று எழுதும் ஆங்கிலச் சொல். லத்தீனில் துணைபுரிவதைக் குறித்த வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. இடைக்கால ஐரோப்பாவில் இதற்கு ஒரு சட்டப் பொருள் இருந்தது: பிரபுவிடம் நிலம் பெற்றவர்கள் தங்கள் பிரபுவுக்குக் கட்டிய பணம். பிரபு எதிரியிடம் சிறைப்பட்டால் மீட்க, அவருடைய மூத்த மகன் வீரர் பட்டம் ஏற்கும்போது, மூத்த மகளுக்குத் திருமணம் ஆகும்போது என மூன்று சமயங்களில் இதைக் கட்ட வேண்டும். 1215-ல் எழுதப்பட்ட மாக்னா கார்ட்டா, இந்த மூன்றையும் தவிர வேறு எதற்கும் பொது ஆலோசனை இல்லாமல் அரசன் ‘எய்ட்’ வாங்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. ஆக, சொல்லின் பழைய வாழ்க்கையில் பணம் கீழிருந்து மேலே போயிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் அதன் திசை மாறியது. 1948 முதல் 1952 வரை, போரில் நொறுங்கிய மேற்கு ஐரோப்பாவுக்கு மார்ஷல் திட்டத்தின்கீழ் அமெரிக்கா சுமார் 1,300 கோடி டாலர் கொடுத்தது. அதில் பெரும்பகுதி திருப்பித் தர வேண்டாத பணம். 1949 ஜனவரியில் அதிபர் ட்ரூமன், வளர்ச்சி குன்றிய நாடுகளுக்கும் தொழில்நுட்பத் துணை தருவோம் என்று அறிவித்தார். அதற்குப் பிறகு வந்தவற்றில் கொடையும் உண்டு, கடனும் உண்டு, கோதுமையும் உண்டு. எல்லாம் ‘எய்ட்’ என்ற ஒரே பையில் விழுந்தன. நாமும் அந்தப் பையை அப்படியே வாங்கி ‘உதவி’ என்று பெயர் எழுதிவிட்டோம்.

உதவி என்பது தமிழில் மிக அகலமான சொல். வழி காட்டுவதும் உதவி, மூட்டை தூக்கிவிடுவதும் உதவி. பணம் கைமாறும் இடத்தில் நம் முன்னோர் இவ்வளவு அகலமான சொல்லோடு நிற்கவில்லை. திருக்குறளின் ஈகை அதிகாரம் தொடங்குவதே ஒரு வரையறையோடுதான்:

‘வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம்
குறியெதிர்ப்பை நீர துடைத்து.’

இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை; மற்றவை குறியெதிர்ப்பையின் தன்மை உடையவை. குறியெதிர்ப்பை என்றால் அளவு குறித்து வாங்கி, வாங்கிய அளவே திருப்பிக் கொடுப்பது என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. படி அரிசி வாங்கினால் படி அரிசி திருப்ப வேண்டும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதாவது வட்டியில்லாக் கடன்.

இந்தச் சொல் குறளில் மட்டும் இல்லை. புறநானூறு 163-ஆம் பாட்டில், குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறார். சுற்றத்தின் கடும்பசி தீர ‘நெடுங்குறி எதிர்ப்பை’ தந்தவர்களுக்கும் கொடு என்பது அதில் ஒன்று. வறுமையில் இருந்த வீடு வாங்கிச் சாப்பிட்ட கடன் அது. இன்றைக்கும் அந்தப் பழக்கம் சாகவில்லை. பெயர்தான் ‘கைமாற்று’ என்று மாறியிருக்கிறது. ‘ஒரு ஐந்நூறு கைமாற்றாகக் கொடு, ஒன்றாம் தேதி தருகிறேன்’ என்று கேட்பவர் வட்டி பேசுவதில்லை.

உலக வங்கிக் குழுமத்தில் 1960-ல் தொடங்கப்பட்ட சர்வதேச வளர்ச்சிச் சங்கம் இருக்கிறதே, அது ஏழை நாடுகளுக்குத் தொடக்கத்தில் கொடுத்தது கிட்டத்தட்ட இதேதான். வட்டி கிடையாது, 0.75 விழுக்காடு சேவைக் கட்டணம் மட்டும். முதல் 10 ஆண்டுகள் அசல் கட்ட வேண்டாம். மொத்தத் தவணை 50 ஆண்டுகள். பின்னாளில் தவணை குறுகியது, சில வகைகளுக்கு வட்டியும் வந்தது. அந்த முதல் வடிவத்துக்குக் குறியெதிர்ப்பையைவிடப் பொருத்தமான சொல்லை நான் எந்த அகராதியிலும் தேட மாட்டேன். வட்டி உண்டு, ஆனால் சந்தை வட்டியைவிடக் குறைவு என்றால் ‘சலுகைக் கடன்’. திருப்பித் தர வேண்டாம் என்றால் ‘கொடை’. மானியம் என்ற சொல்லையும் இந்த இடத்தில் சிலர் எழுதுகிறார்கள். அது முன்பு இறையிலி நிலத்தை, அதாவது வரி இல்லாமல் விட்ட நிலத்தைக் குறித்து, இப்போது அரசு தன் மக்களுக்கு விலையில் ஏற்றுக்கொள்ளும் பகுதிக்கு நிலைத்துவிட்டது. அதை அங்கேயே விட்டுவிடலாம்.

‘கடனுதவி’ என்ற கலவைச் சொல்தான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. கடனா உதவியா என்று கேட்டால் இரண்டும் என்கிறது. இந்தக் குழப்பம் பணக்கார நாடுகளின் கணக்குப் புத்தகத்திலும் பல ஆண்டுகள் இருந்தது. கொடை நாடுகளின் குழு 1969-ல் ‘அதிகாரபூர்வ வளர்ச்சி உதவி’ என்பதை வகுத்து, 1972-ல் அதை இறுக்கியது. ஒரு கடனில் குறைந்தது 25 விழுக்காடு கொடைக்கூறு, அதாவது சந்தை வட்டியைவிடக் குறைத்துக் கொடுத்ததால் கொடைக்குச் சமமாகும் பகுதி, இருந்தால் அதையும் உதவியாகக் காட்டலாம் என்றது விதி. அந்தக் கொடைக்கூற்றை அளக்க, சந்தை வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டார்கள். உலகத்தில் வட்டி விகிதம் அதற்கு மிகவும் கீழே இறங்கிய பிறகும் அதே 10 தொடர்ந்தது. அதனால் கொடுத்தவர் எதையும் இழக்காத கடன்கூட உதவிக் கணக்கில் ஏறியது. 2018-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்துதான், கடன் முழுவதையும் காட்டாமல் அதில் உள்ள கொடைப் பகுதியை மட்டும் எண்ணும் முறை வந்தது.

பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைப் பாருங்கள். ‘சீன உதவியுடன்’ என்றுதான் பேச்சு. 2007-ல் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி முதல் கட்டத்துக்குக் கொடுத்த சுமார் 30.7 கோடி டாலருக்கு வட்டி 6.3 விழுக்காடு. இது கொடை இல்லை, குறியெதிர்ப்பை இல்லை, சலுகைக் கடன் என்று சொல்லவும் மனம் வராது. 2017-ல் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த சீன நிறுவனம் 112 கோடி டாலர் கொடுத்தது. அந்தப் பணம் துறைமுகக் கடனை அடைக்கவில்லை. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. கடன் இலங்கை அரசின் தலையிலேயே நின்றது. கடன், குத்தகை, முதலீடு என மூன்று தனித்தனி நடவடிக்கைகள் ஒரே துறைமுகத்தில் நடந்திருக்கின்றன. தொடக்கத்திலேயே அவற்றின் பெயர்களைச் சரியாகச் சொல்லியிருந்தால் மக்கள் வேறு கேள்விகளைக் கேட்டிருப்பார்கள்.

அப்புறம் ‘டைட் எய்ட்’ என்று ஒன்று உண்டு. பணம் தருகிற நாட்டிலேயே பொருளும் ஆளும் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வருவது. ‘கட்டுற்ற உதவி’ என்பதைவிட ‘நிபந்தனைக் கொடை’, ‘நிபந்தனைக் கடன்’ என்று பிரித்து எழுதுவது நல்லது. 

இனி முதலீடு. ‘இன்வெஸ்ட்’ என்ற சொல்லுக்கு லத்தீன் வேர் ஆடையைக் குறிக்கும். உடுத்துவது என்பது ஆதிப் பொருள். பணத்துக்கு வேறு வடிவம் கொடுப்பது என்ற பொருள் இத்தாலிய வணிகர்கள் வழியாக வந்திருக்கலாம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பொருள் 1610-களில், கிழக்கிந்திய வணிகத்தை ஒட்டித்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குகளில் ‘இன்வெஸ்ட்மென்ட்’ என்றால், ஊருக்கு அனுப்ப இங்கே ஆண்டுதோறும் வாங்கிய சரக்கு. சென்னைப் பட்டணத்தில் அது பெரும்பாலும் துணி. 1765-ல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை கம்பெனிக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு, வங்காள மக்களிடம் வசூலித்த வரிப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதே வங்காளத்தில் சரக்கு வாங்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இதற்கும் பெயர் ‘இன்வெஸ்ட்மென்ட்’ என்பதை எட்மண்ட் பர்க் எழுதிய 1783-ஆம் ஆண்டு பிரிட்டன் நாடாளுமன்றக் குழு அறிக்கை எடுத்துக்காட்டி, அது வணிகமே இல்லை என்று கண்டித்தது.

தமிழ்ச் சொல்லை வைத்துப் பார்த்தால் இந்த அநியாயம் உடனே தெரிந்துவிடும். முதல் + ஈடு = முதலீடு. இடு என்ற வினை நீண்டு ஈடு ஆகிறது, படு பாடு ஆவதுபோல, கெடு கேடு ஆவதுபோல. முதலை இடுவது முதலீடு. இடுபவன் கையில் முதல் இருக்க வேண்டும். கைமுதல், முதல் போட்டவர், முதலாளி, ‘முதலுக்கே மோசம்’ எல்லாம் ஒரே குடும்பம். கடைசிச் சொல்லைக் கவனியுங்கள்: முதலுக்கு மோசம் வரக்கூடும் என்பது சொல்லின் உள்ளேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. கம்பெனி வங்காளத்தில் இட்டது தன் முதல் இல்லை, வாங்கிய ஊரின் வரி.

முதலைக் காப்பதில் சோழர் காலக் கல்வெட்டுகள் காட்டும் கறார் வியக்க வைப்பது. கோயிலில் நந்தா விளக்கு, அதாவது அணையாத விளக்கு, எரிக்க ஆடுகளைக் கொடுப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, பல ஊர்களில் 90. ஆட்டை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கையை நிரப்பிவிட வேண்டும். அதனால் அவற்றுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். காசாகக் கொடுத்த முதலை ஊர்ச் சபைகள் வாங்கிக்கொண்டு, காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு, பொலிசை கட்டியிருக்கின்றன. பொலிசை என்பது வட்டி. முதல், பொலிசை, யார் பொறுப்பு என்ற மூன்றும் கல்லில் வெட்டி, ஊரார் பார்க்க நிறுத்தியவை.

இன்றைய ‘ஃபாரின் டைரக்ட் இன்வெஸ்ட்மென்ட்’டுக்கு ‘அந்நிய நேரடி முதலீடு’ என்பது நிலைத்துவிட்டது, நல்ல சொல். ஒரு நிறுவனத்தில் 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் வாக்குரிமை இருந்தால் அது நேரடி முதலீடு என்பது உலகளாவிய கணக்கு வழக்கம். அதற்குக் கீழே இருப்பதைப் ‘பங்குச் சந்தை முதலீடு’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். கட்டிய ஆலையை ஒரே இரவில் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. வாங்கிய பங்கை விற்கலாம், கொடுத்த குறுகிய காலக் கடனைப் புதுப்பிக்க மறுக்கலாம். 1997 ஜூலையில் தாய்லாந்தின் நாணயமான பாட் சரிந்தபோது ஆசிய நாடுகள் அனுபவித்தது இந்த வேறுபாட்டைத்தான்.

முதலீடு என்று பெயர் இருந்தாலும் நஷ்டம் வேறொருவர் தலையில் இருந்தால் எச்சரிக்கை வேண்டும். மகாராஷ்டிரத்தின் தபோல் மின் நிலையம் அப்படிப்பட்டது. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பெனியின் தலைமையிலான நிறுவனம் கட்டியது. மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மாநில மின் வாரியம் நிலைக் கட்டணம் கட்ட வேண்டும், அதற்கு அரசுகளின் உத்தரவாதம் என்று ஒப்பந்தம். 1999-ல் உற்பத்தி தொடங்கியது; விலை கட்டுப்படியாகாமல் 2001-ல் வாரியம் வாங்குவதை நிறுத்தியது, நிலையம் மூடப்பட்டது. தனியார் முதலீடு எப்போதும் அரசுக் கடனைவிடப் பாதுகாப்பானது என்று சொல்பவர்கள் இந்த ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். உத்தரவாதம் என்பது வட்டி எழுதாத கடன்.

அதற்காகத் தனியார் பணத்தையும் நிறுவனப் பணத்தையும் எதிரிகளாக நிறுத்துவதும் சரியில்லை. இப்போது இரண்டையும் சேர்ப்பதற்கு ‘பிளெண்டட் ஃபைனான்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘கலப்பு நிதி’ என்று எழுதலாம், ஆனால் எதை எதோடு கலந்தார்கள் என்பதைச் சேர்த்து எழுத வேண்டும். கென்யாவில் எம்-பெசா என்ற கைபேசி வழிப் பணச் சேவை தொடங்கிய விதம் நல்ல உதாரணம். பிரிட்டன் அரசின் வளர்ச்சித் துறை ஒரு போட்டி நிதியத்திலிருந்து ஏறக்குறைய 10 லட்சம் பவுண்டு தந்தது. வோடஃபோன் அதற்கு ஈடான தொகையைத் தானும் போட வேண்டும் என்பது நிபந்தனை. இப்படிப்பட்ட பணத்துக்கு ‘இணைக்கொடை’ பொருந்தும். 2005-ல் சிறுகடன் வாங்கியவர்கள் தவணை கட்டுவதற்காகச் சோதித்தார்கள். மக்கள் அதைக்கொண்டு ஒருவருக்கொருவர் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். 2007 மார்ச்சில் கென்யாவின் கைபேசி நிறுவனமான சஃபாரிகாம் அதையே பணம் அனுப்பும் சேவையாக நாடு முழுவதும் திறந்தது. கம்பெனி தனியாக இறங்கத் தயங்கிய சோதனைக் கட்டத்தின் நஷ்ட பயத்தில் பாதியைக் கொடை ஏற்றுக்கொண்டது. அதன்பின் ஊர் ஊராக முகவர்களை நிறுத்திப் பெருக்கியது முதலீடு. இந்தச் செய்தியைத் தமிழில் எழுதுகிறவர் ‘பிரிட்டன் உதவியுடன்’ என்று முடித்துவிடாமல், ‘பிரிட்டன் அரசின் இணைக்கொடையும் வோடஃபோனின் முதலீடும் சேர்ந்து’ என்று எழுதினால் நான்கு சொல்தான் கூடும்.